புதனும் வெள்ளியும்

உட்காருங்கள் தம்பி. விசா அறைக் கதவு இப்போதைக்குத் திறக்காது. கைரேகை எடுத்து, போட்டோ எடுத்து, ஒவ்வொரு காகிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். உள்ளே போயிருப்பது உங்கள் வீட்டுக்காரம்மாதானே? வேலையும் அவருக்குத்தான் என்று வாசலில் செக்யூரிட்டியிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. சின்ன ஹால், ஏசி சத்தம் தவிர வேறு சத்தமில்லை, விழத்தானே செய்யும்?

குழந்தையைக் கீழே விடுங்கள், நடக்கட்டும். இரண்டு வயசு இருக்குமா? ஒன்றே முக்காலா? நல்லது.

எந்த நாடு? ஸ்விட்சர்லாந்தா! அட. நானும் அங்கேதான். பிசினஸ் விசா, வருஷத்துக்கு இரண்டு தடவை. அதற்கு முன்னால் நான்கு வருஷம் குடும்பத்தோடு இருந்தேன். நீங்கள் போகிற மாதிரியேதான் போனேன். மனைவிக்கு வேலை, புருஷன் கூடப் போகிறான். நம் ஊரில் எத்தனை பேர் போவார்கள் சொல்லுங்கள்? கோயமுத்தூரில் என் சித்தப்பா நேராகவே கேட்டார், "ஏன்டா குமரவேலு, பொட்டி தூக்கிட்டா போற?" என்று. "ஆமாங் சித்தப்பா, தூக்கிட்டுத்தான் போறேன்" என்றேன். இதையெல்லாம் நான் பெருமையாக யாரிடமும் சொல்லிக்கொள்வது கிடையாது.

என் மனைவி பெயர் பூங்கோதை. கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம். பெரிய மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை, அவளுக்குக் கீழே எட்டுப் பேர். எட்டும் வெள்ளைக்காரர்கள், அதில் இரண்டு பேர் அவளைவிட வயசானவர்கள். வேலையில் சேர்ந்த அன்று வந்து சொன்னாள், "எட்டுப் பேரும் கை குடுத்தாங்க, எட்டுப் பேர் பேரும் மறந்து போச்சு. நாளைக்கு எல்லாரையும் 'சார்'னு கூப்பிட்டுட வேண்டியதுதான்." அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். அப்போதெல்லாம்.

எனக்கும் இரண்டே மாசத்தில் வேலை கிடைத்தது. கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த ஸ்பின்னிங் மெஷின் கம்பெனிக்கு அங்கேதான் தலைமை ஆபீஸ். ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மகள் நிறைமதிக்கு நாலரை வயசு. அந்த ஊரில் கிண்டர்கார்டன் இலவசம், அரசாங்கத்தோடது. என்ன குறை, சொல்லுங்கள்?

குறை அந்த ஊர்க்காரர்களிடம் தம்பி. உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வளவு நாகரிகம். ரயில் நிமிஷம் தப்பாது. ஆனால் பொம்பளைகளுக்கு ஓட்டுரிமை கொடுத்ததே எழுபத்தொன்றில்தான், தெரியுமா? நான் படித்துப் பார்த்தேன். நம் பாட்டிமார்கள் அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே மையைத் தடவிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பகல் பதினொன்று ஐம்பதுக்குக் கிண்டர்கார்டன் விட்டுவிடும். குழந்தைகள் கழுத்தில் மஞ்சள் பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வீட்டுக்குப் போகும். வீட்டில் அம்மா சுடச்சுடச் சோறு வைத்திருப்பாள். திரும்ப ஒன்றரைக்கு. சில நாள் மதியமே கிடையாது. வீட்டில் அம்மா இருக்கிறாள் என்பதை வைத்தே மொத்த ஊரும் கடிகாரம் ஓட்டுகிறது.

முதல் பெற்றோர் கூட்டம். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் வட்டமாக உட்கார வைத்தார்கள், முழங்கால் தாடையில் இடிக்கிறது. டீச்சர் பெயர் ஆமன். நல்ல பெண்மணி, சத்தமாகப் பேசமாட்டார். ஒவ்வொரு அம்மாவாக அறிமுகம். பெயர், குழந்தை பெயர், அப்புறம் எத்தனை சதவீதம். அங்கே வேலையைச் சதவீதத்தில்தான் சொல்வார்கள். வாரம் முழுக்கப் போனால் நூறு, மூன்று நாள் போனால் அறுபது. ஒரு அம்மா நாற்பது என்றாள். ஒருத்தி இருபது. ஒருத்தி, ஐம்பது என்று சொல்லிவிட்டு, மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார் என்று கேட்காமலே சேர்த்துக்கொண்டாள்.

கோதை முறை வந்தது. "நூறு" என்றாள்.

அவள் சொன்ன விதம் இருக்கிறதே! நம் ஊரில் கணக்கில் நூறு வாங்கின பிள்ளை சொல்லுமே, அந்த மாதிரி. எனக்கே உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த வட்டத்தில் யாரோ மெதுவாக "ஓ" என்றார்கள். டீச்சர் குறித்துக்கொண்டு, "அப்படியானால் குழந்தை?" என்று கேட்டார். கோதை, "குழந்தையும் நூறுதான்" என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. நானும் நூறு. என்னை யாரும் கேட்கவே இல்லை! "தோசை சுடத் தெரியுமா?" என்று மட்டும் ஒரு அப்பா கேட்டார். எவ்வளவு அநியாயம் பாருங்கள். அன்றைக்கே எனக்கு அந்த ஊர் வெறுத்துப்போயிற்று.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ஊர்ச் சபைக் கூடத்தில் மதியச் சாப்பாடு போடுவார்கள். மொத்த ஊருக்கும் பன்னிரண்டே இடம். வருஷத்துக்கு ஒரு முறை விண்ணப்பம். முதல் வருஷம் நிறைமதிக்கு ஐந்து நாளும் கிடைத்தது. மக்ரோனியில் ஆப்பிளை மசித்துப் போட்டுக் கொடுப்பார்கள். நாமாக இருந்தால் தொடமாட்டோம், அவள் இரண்டு தட்டுத் தின்பாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

கீழ்வீட்டில் ஹூபர் என்று ஒரு அம்மாள். ஹூபரம்மா என்றே வீட்டில் சொல்வோம். எழுபது வயசு, ஜன்னல்தான் அவருக்கு டிவி. நிறைமதி வீட்டுக்கு வராமல் கூடத்தின் பக்கம் திரும்பி நடப்பதைத் தினமும் பார்ப்பார். ஒருநாள் மாடிப்படியில் கோதையிடம் ஒரு வார்த்தை சொன்னார். நான் அகராதியில் தேடிப் பார்த்தேன். அண்டங்காக்கை அம்மா. குஞ்சுகளைக் கூட்டில் விட்டுவிட்டுப் போகிற தாய் என்று அர்த்தமாம். ஓடிப்போய்க் கோதையிடம் சொன்னேன்.

கோதை அடுப்படியில் நின்று சிரிக்கிறாள். "காக்காயா? நம்ம ஊர்ல காக்காய்க்குச் சோறு வெச்சுட்டுத்தானே நாமளே சாப்பிடறோம். மரியாதையாத்தான் சொல்லியிருக்கு அந்தம்மா, விடுங்க."

அவளால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்தால் அந்த அம்மாக்கள் கோதைக்கு வணக்கம் சொல்லும்போது தலையைக் கொஞ்சம் சாய்ப்பார்கள், துக்க வீட்டில் சாய்ப்போமே, அப்படி. என்னைப் பார்த்தால் வேறு. ஒருநாள் நான் நிறைமதிக்கு ஜடை போட்டு விட்டேன், கோணலாக. அதற்கு மூன்று பேர் என்னைப் பாராட்டினார்கள். ஒருத்தி சாக்லேட் கொடுத்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை, கொடுக்கும்போது எப்படிச் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் காகித வேலையெல்லாம் நான்தான். கோதை ஆறே மாசத்தில் ஜெர்மன் பேசினாள். எனக்குப் பேச வராது, ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு நிரப்பிவிடுவேன். அதில் அவளுக்கு ஒரு கவலையும் வைத்ததில்லை. இரண்டாம் வருஷத்துச் சாப்பாட்டு விண்ணப்பம் வந்தது. அப்பாவுக்கு ஒரு கட்டம்: தொழில். அம்மாவுக்கு மூன்று கட்டம்: தொழில், எத்தனை சதவீதம், எந்தெந்த நாள் வீட்டில். அதைப் படித்துப் பார்க்கிற கிளார்க் யார் தெரியுமா? ஹூபரம்மாவின் மருமகள்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு வருஷம் கோதையை ஊரே ஒரு மாதிரி பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. அறுபது என்று எழுதினேன். புதன், வெள்ளி வீட்டில்.

அவளுக்காகத்தான். சத்தியமாக அவளுக்காகத்தான். சொன்னால் வேண்டாம் என்பாள் என்று சொல்லவில்லை. ஒரு வாரத்திலேயே பலன் தெரிந்தது பாருங்கள்! ஹூபரம்மா படியில் என்னைப் பார்த்து, "நல்ல முடிவு" என்றார். மனசு குளிர்ந்துபோயிற்று.

ஜூன் மாசம் கடிதம் வந்தது. நிறைமதிக்குத் திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும் இடம். அம்மா வீட்டில் இருக்கிற நாளில் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுப்பார்களாம். இதை நான் யோசிக்கவே இல்லை தம்பி. எவனாவது யோசிப்பானா? கோதை லேபிலிருந்து போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள், இது ஏதோ பிழை என்று. "பிழை இல்லையே அம்மா, உங்கள் விண்ணப்பத்திலேயே இருக்கிறதே" என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்களா எழுதினீங்க?"

"உனக்காகத்தான் கோதை. உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு."

"என்னை யாரு என்ன சொன்னா என்னங்க? நாளைக்கே போயித் தப்புன்னு சொல்லிட்டு வாங்க."

"பொய் எழுதினேன்னு எப்படிச் சொல்றது? இது நாம இங்க தங்கற பர்மிட்டைப் புதுப்பிக்கற வருஷம். என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா மட்டும்? புருஷன் பொய்யன்னுதானே ஆகும்?"

கோட்டைக் கழற்றி மாட்டினாள். அப்புறம் கேட்டாள், "சரி. அப்பப் புதனும் வெள்ளியும் நீங்க இருந்துக்கறீங்களா?"

நான் எப்படி இருக்க முடியும்? நீங்களும் அதைத்தான் கேட்க வருகிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. கேளுங்கள். எங்கள் செக்‌ஷனில் ஒருத்தன் எண்பதுக்கு இறங்கினான், குழந்தைக்காக. அன்றிலிருந்து மீட்டிங்கில் அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் வேறு புதுசு, அதிலும் வெளிநாட்டுக்காரன். அவர்கள் மனசு அப்படி இருக்கும்போது நான் ஒருத்தன் என்ன செய்ய? குற்றம் என்னுடையதா, அந்த ஊருடையதா, நீங்களே சொல்லுங்கள்.

கோதை ஓடினாள். புதனும் வெள்ளியும் லேபிலிருந்து பதினொன்று பத்துக்குக் கிளம்பி, டிராமில் முப்பத்தைந்து நிமிஷம், வந்து சோறு போட்டு, ஒன்றரைக்கு விட்டுவிட்டு, திரும்ப முப்பத்தைந்து நிமிஷம். மதியம் பள்ளி இல்லாத புதன்கிழமைகளில் பிள்ளையை லேபுக்கே கூட்டிப்போய்த் தன் அறையில் படம் வரைய உட்கார வைப்பாள். விட்ட வேலையைச் சாயங்காலம் உட்கார்ந்து முடிப்பாள். செப்டம்பர், அக்டோபர் அப்படியே ஓடியது. ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. தலைமுடியை வீட்டில் வார நேரமில்லாமல் டிராமிலேயே வாரிக்கொள்வாள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை டிராம் நடுவழியில் நின்றுவிட்டது. மழை. நிறைமதி வாசல் படியில் முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஹூபரம்மா உள்ளே கூட்டிப்போய், தலை துவட்டி, சூப் கொடுத்து, டீச்சருக்குப் போன் பண்ணிவிட்டார். என்னுடைய ஆபீஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். கோதை எனக்கு நான்கு தடவை போன் பண்ணியிருக்கிறாள், நான் மீட்டிங்கில் இருந்தேன்.

திங்கட்கிழமை எங்களை வரச் சொன்னார்கள். அதே குட்டி நாற்காலி. ஜன்னல் கண்ணாடியில் பிள்ளைகள் காகித மீன் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆமன் டீச்சர் கோதையைப் பார்த்து, குரல் உயராமல், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை நாள். அன்றைக்குக் குழந்தை வெளியே உட்கார்ந்திருந்தால், நான் என்ன புரிந்துகொள்வது? விடுமுறை நாளில் நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

கோதை என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் அந்தப் பாஷையில் பேச வராதே! டீச்சருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அது வேறு விஷயம். எனக்கு அந்த நேரத்தில் இருமல் வந்துவிட்டது. அந்த மீன்களை எண்ணினேன், பதினேழு இருந்தன. கோதை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பி, "கடைவீதிக்குப் போயிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. மன்னிக்க வேண்டும், இனிமேல் நடக்காது" என்றாள்.

கடைவீதிக்கு! பாருங்கள் தம்பி, எப்படிப்பட்ட பெண் என்று. கட்டினவனை ஒரு இடத்திலும் விட்டுக் கொடுக்க மாட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து, "ரொம்ப தேங்க்ஸ் கோதை" என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த வாரம் அவளாகவே மேலதிகாரியிடம் போய் அறுபது கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் வற்புறுத்தவே இல்லை. அறுபதில் இருப்பவர் குழுவை நடத்த முடியாதாம், அது அந்தக் கம்பெனி ஏற்பாடு. எட்டுப் பேரையும் ரெகுலா என்ற பெண்ணிடம் கொடுத்தார்கள். கோதையிடம் வேலை கற்றுக்கொண்டவள்தான். கல்யாணம் ஆகாதவள்.

அதற்கப்புறம் அந்த ஊர் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஹூபரம்மா கேக் செய்து எடுத்து வந்தார். நிறைமதிக்குப் பிறந்தநாள் அழைப்பாக வந்து குவிந்தது. புதன்கிழமை அம்மாக்களெல்லாம் காபி குடிக்கக் கூப்பிட்டார்கள், கோதையும் போனாள். அவர்களிடம் கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் சாப்பிடும்போது அந்த எட்டுப் பேரைப் பற்றி நடித்துக் காட்டுவாள், யார் எப்படித் தும்முவார்கள் என்பது வரைக்கும். அதெல்லாம் நின்றுவிட்டது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது என்னத்தைச் சொல்வாள்? ஒருநாள் நிறைமதி கேட்டாள், "அம்மா, அந்தக் காக்கா ஜோக்கைச் சொல்லும்மா." "மறந்து போச்சு சாமி" என்றாள்.

ஒப்பந்தம் முடிந்தபோது அவளுக்கு நீட்டிக்கவில்லை. குழு இல்லாத ஆளை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? கடவுள் ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறப்பார் என்பார்களே, அதே சமயம் என் கம்பெனியில் என்னைத் தென்னிந்தியா முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். மீட்டிங் எதையும் தவறவிடாத ஆள் என்று பெயர். கோயமுத்தூருக்கே வந்துவிட்டோம், வடவள்ளியில் சொந்த வீடு. காலேஜில் பாடம் எடுக்கக் கோதையைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். "எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குப் போகலாம்னு இன்னொரு ஆள்கிட்டக் கேக்கறதுக்கு இனித் தெம்பில்லைங்க" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. எந்த விஷயத்திலும் நான் அவளை வற்புறுத்தினதே கிடையாது.

உங்கள் டோக்கன் எத்தனை? இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். குழந்தை தூங்கிவிட்டது பாருங்கள், தலையைப் பிடியுங்கள்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் அங்கே போயிருந்தபோது ரயில்வே ஸ்டேஷனில் ரெகுலாவைப் பார்த்தேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். புதுசாக ஒரு குழு தொடங்குகிறார்களாம், நடத்த ஆள் வேண்டுமாம். "முதலில் ஞாபகத்துக்கு வந்த பெயர் கோதைதான். அவள் மெயில் முகவரி மாறிவிட்டது, போட்டதெல்லாம் திரும்பி வருகிறது. டிசம்பர் முடிவதற்குள் எனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள்" என்றாள். நான் சொன்னேன், "அவள் வரமாட்டாள். வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள்." ரெகுலா அப்படியும் விடாமல் விசிட்டிங் கார்டின் பின்னால் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்த அலுப்பில் மறந்தே போய்விட்டேன். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது கோட்டுப் பையில் கார்டு இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் கோதையிடம் கொடுத்தேன், விஷயத்தைச் சொன்னேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"நீ வரமாட்டேன்னு சொன்னேன்."

கார்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

பார்த்தீர்களா! கேட்காமலே அவள் மனசு எனக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் தம்பி குடும்பம் என்பது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு புரிதல் இருந்துவிட்டால் போதும். உங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் நான் சொல்ல நினைத்தது.

அன்றைக்குக் கார்டைக் கொடுத்துவிட்டு நான் ஹாலுக்கு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் தட்டுகிறார், "சார், உங்க டேங்க் ரொம்பி சுவரெல்லாம் தண்ணி போகுதுங்!" வெளியே வந்து பார்த்தால் மொட்டைமாடியிலிருந்து கொட்டுகிறது, வாசலில் போட்ட கோலம் பாதி கரைந்து தெருவுக்குப் போய்விட்டது. மோட்டார் சுவிட்ச் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஓர் அடி தள்ளி, நான் விட்டுவிட்டு வந்த அதே இடத்தில் கோதை நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் அத்தனை பெரிசாகக் கேட்கிறது. நான்தான் போய் நிறுத்தினேன்.

நாற்பத்து மூன்று வயசுதான் ஆகிறது அவளுக்கு. அதற்குள் இவ்வளவு மறதி. ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்தப் பயணம் முடிந்து வந்த பிறகு.